காருக்குள்ள ரெண்டு கிளீனர்

கண்ணு,

போன ஞாயித்துக்கெழமை நீ போன்ல பேசுனதை நெனச்சு ரெண்டு நாளா எனக்குச் சிரிப்பு அடங்கலை. "அப்புச்சி, புதுக் காரு வாங்கலாம்னு போனேன். எந்தக் காரைத் தொட்டாலும் உள்ள ஒரு கறுப்புப் பொட்டி வெச்சிருக்கறான். நான் எப்படி ஓட்டறேன்னு அது எழுதி வெச்சுக்குதாமா. மனுசனுக்கு ஒரு அந்தரங்கம் வேண்டாமா?"ன்னு அழுகாத குறையாக் கேட்டே. வேணும் சாமி, கட்டாயம் வேணும். கேட்டு முடிச்ச அரை மணி நேரத்துல, நீ தின்ன பிரியாணியப் போட்டோ புடிச்சு, எந்தக் கடை, எந்தத் தெரு, கூட உக்காந்தவன் யாருன்னு அத்தனையும் எழுதிக் குடும்பக் குரூப்புல போட்டியே, அதையும் பாத்தேன். தட்டுல முட்டை ரெண்டு. இது புரட்டாசி மாசம்ங்கறது உனக்கு மறந்துபோச்சு. உங்கம்மாளுக்கு மறக்கலை. எந்தப் பொட்டி அதை அவகிட்டச் சொல்லுச்சு?

இந்தக் காயிதத்தை எழுதறது உன்ற சித்தி மக. சட்டம் படிக்கறா. நான் சொல்லச் சொல்ல எழுதறா, சந்தேகம் வந்தாத் தேடிப் படிச்சுக் காட்டறா. அதனால இதுல வர்ற வருசம், தொகை எல்லாம் அவ பொறுப்பு. குசும்பு மட்டும் என்றது.

நான் 34 வருசம் லாரி ஓட்டுனவன். சங்ககிரில லோடு ஏத்துனா கல்கத்தா, கவுகாத்தின்னு போய் இருவது நாள், இருவத்தஞ்சு நாள் கழிச்சுத்தான் ஊடு வந்து சேருவேன். என்ற லாரில அந்தக் காலத்துலயே பொட்டி இருந்துது. அதுக்குக் கையுங்காலும் உண்டு, பசி உண்டு. பேரு கிளீனர். கண்ணாடி துடைக்கறது, டயரை ராடால தட்டிக் காத்துப் பாக்கறது, பின்னால எடுக்கறப்ப "வரட்டும், வரட்டும்"னு கத்தறது எல்லாம் வெளிவேலை. உள்வேலை வேற. டிரைவரு எங்க நிறுத்துனான், டேங்குல எத்தனை லிட்டரு உருவுனான், வழில எவனை ஏத்தி எத்தனை ரூவா வாங்குனான்னு ஓனருக்குப் போய்ச் சொல்லோணும். அதுக்குத்தான் மச்சான் மகன், கொழுந்தியா மகன்னு சொந்தத்துலயே ஒருத்தனைப் புடிச்சு ஏத்தி விடுவாங்க. நாங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. கிலோமீட்டரு வயரைக் கழட்டி உட்டுப்போட்டு நூறு இரநூறு கிலோமீட்டரை முழுங்கத் தெரிஞ்சவங்க. ஆனா வயரைக் கழட்டலாம், கிளீனரைக் கழட்ட முடியாது.

என்கூட ரொம்ப நாள் ஓடுனவனுங்க ரெண்டு பேரு. ஒருத்தனுக்கு நாங்க வெச்ச பேரு மோட்டுவளை. வண்டில ஏறுனதும் கேபின் கூரையைப் பாத்துக்கிட்டே தூங்கிப்போவான். இன்னொருத்தன் ரேடியோ. அவனைப் பத்திப் பொறவு சொல்றேன்.

ஒருக்கா பெல்லாரிப் பக்கம் இரும்புக் கம்பி ஏத்திக்கிட்டு வர்றோம். சித்ரதுர்காவுக்கு இந்தாண்ட, விடியக்காலம் நாலு மணி. ஒரு சின்னப் பாலம். குறுக்க ஒரு மாட்டு வண்டி, லைட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் ஹாரனை அடிச்சு ஒடிச்சேன். வண்டி பாலத்துச் சுவத்துல உரசி, முன் பக்கம் நொறுங்கி நின்னுபோச்சு. ஆருக்கும் அடி இல்லை, மாடு கூடத் தப்பிச்சுது. ஓனரு வந்தாரு. "எத்தனைல வந்தே?"ன்னாரு. "நாப்பதுங்க"ன்னேன். மோட்டுவளையைத் திரும்பிப் பாத்தாரு. அந்தப் பாவி மகன் சொன்னான்: "எம்பதுல வந்தாருங்க. பிரேக்கு மிதிக்கலைங்க. இடிச்சதுக்கு அப்புறம்தான் மிதிச்சாருங்க."

அவ்வளவுதான் சொன்னான். ஏன்னா அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். ராத்திரி தாபாவுல எங்க நிறுத்துனோம், என்ன தின்னோம், ஆரைப் பாத்தோம், ஒண்ணும் தெரியாது. ஹாரன் சத்தத்துல முழிச்சவன், முழிச்ச நேரத்துல இருந்து இடிச்ச நேரம் வரைக்கும் பாத்ததைச் சொன்னான். அஞ்சு நொடி இருக்கும்.

உன்ற கறுப்புப் பொட்டி, கண்ணு, இந்த மோட்டுவளைதான்.

நீ பயந்து நடுங்கற அந்தப் பொட்டி காருக்குள்ள தனியாக் கூட இல்லையாம். இடிச்சாப் பலூன் வெடிக்குதே, அந்தப் பலூனை எப்ப வெடிக்கறதுன்னு முடிவு பண்ற பொட்டிக்குள்ளயே ஒரு மூலைல ஒண்டிக் குடித்தனம். அழிச்சு அழிச்சு எழுதிக்கிட்டே இருக்குமாம், பள்ளிக்கூடத்துப் பையன் சிலேட்டு மாதிரி. காரு இடிச்சாலோ, இடிக்கற மாதிரிக் குலுங்குனாலோதான் சிலேட்டை அழிக்காம எடுத்து வெச்சுக்கும். இடிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நொடி வேகம் எத்தனை, ஆக்சிலேட்டரு மிதிச்சியா, பிரேக்கு மிதிச்சியா, பெல்ட்டு போட்டிருந்தியா, பலூன் எப்ப வெடிச்சுது. அமெரிக்க ரோட்டுப் பாதுகாப்பு ஆபீசு 2006ல போட்ட விதி, பொட்டி வெச்சாக் குறைஞ்சது இந்த மாதிரி 15 சங்கதி எழுதோணும்னு சொல்லுதாம். நீ பேசறதை அது கேக்கறதில்லை. நீ எந்த ஊருல நிக்கறேன்னும் அந்த விதி கேக்கலை.

அதைக் கட்டாயம் ஆக்கறோம்னு அந்த ஆபீசு 2012 டிசம்பர்ல சொல்லுச்சாம். 2014 செப்டம்பர்ல இருந்து எல்லாப் புதுக் காருலயும் வேணும்னு. நீ இருக்கற அமெரிக்காவுல அப்பவே பெரிய கூப்பாடு. கூப்பாடு போட்டு, மனு எழுதி, ஆறு வருசம் ஓடி, 2019 பிப்ரவரில அந்த ஆபீசே அதை வாபஸ் வாங்கிப்போடுச்சு. ஜனங்க ஜெயிச்சுட்டாங்கன்னு நெனச்சேன். இவ அடுத்த வரியைப் படிச்சா: அனேகமா எல்லாப் புதுக் காருலயும் கம்பெனிக்காரங்களே வெச்சுட்டதால, இனிச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டியதே இல்லைன்னு. பந்திக்குக் கூப்படறதுக்கு முந்தியே இலை போட்டு உக்காந்துட்ட சம்பந்தி மாதிரி. இனி எழுப்பவா முடியும்? பாயாசத்தை ஊத்த வேண்டியதுதான்.

ஐரோப்பாக்காரன் சுத்தி வளைக்கலை. சட்டத்தையே போட்டுட்டான். 2022 ஜூலைல இருந்து புது மாடலுக்கு, 2024 ஜூலைல இருந்து விக்கற அத்தனை புதுக் காருக்கும். டிரைவரு அணைக்க முடியாது. ஆனா ஒரு கண்டிசன்: எடுக்கற கணக்குல அது ஆரு காருன்னு காட்டிக்குடுக்கற அடையாளம் இருக்கக் கூடாதாம். மோட்டுவளைக்கு மூக்குக் கயிறு போட்டு வெச்சிருக்கறான். உங்க ஊருல 2024 டிசம்பர்ல அந்த அஞ்சு நொடியை 20 நொடி ஆக்கி இன்னொரு விதி வந்திருக்குது. நொடிக்கு ரெண்டு தரம் எழுதுனது இனிப் பத்துத் தரம். மோட்டுவளை கொஞ்சம் சீக்கிரமா முழிச்சுக்குவான், அவ்வளவுதான்.

உனக்கு இந்தப் பொட்டி மேல என்ன கோவம்னு நான் ஓசனை பண்ணிப் பாத்தேன். மாசசூசெட்ஸ்னு ஒரு மாகாணமாம். அங்க துணை கவர்னரா இருந்த டிம் மர்ரேங்கறவரு 2011 நவம்பர்ல விடியக்காலம் கவர்மென்டு காரைத் தனியா ஓட்டிக்கிட்டுப் போய் உருட்டிப்போட்டாரு. ஆளு தப்பிச்சுட்டாரு. பெல்ட்டு போட்டிருந்தேன், வேகமாப் போகலைன்னு சொன்னாரு. ரெண்டு மாசம் கழிச்சுப் பொட்டியைத் தொறந்து பாத்தா, மணிக்கு 108 மைலு. நம்ம கணக்குக்கு 170 கிலோமீட்டருக்கு மேல. பெல்ட்டும் போடலை. தூங்கியிருப்பேன் போலன்னு அப்புறம் சொன்னாராம். 555 டாலரு தண்டம். இதைக் கேட்டதும் எனக்கு அந்த மனுசன் மேல ஒரு பாசமே வந்துபோச்சு. நாப்பதுன்னு சொன்னவன்தானே நானும். நியூஜெர்சி கவர்னரு ஜான் கார்சைனுக்கு 2007லயே இந்தக் கதி. டிரைவரு ஓட்டுனாரு, இவரு முன் சீட்டுல பெல்ட்டு இல்லாம. 65 மைலு போற ரோட்டுல 91 மைலுன்னு பொட்டி சொல்லிப்போடுச்சு. படாத பாடு பட்டு எந்திரிச்சு வந்தாராம்.

அதனால ஒரு விசயம் மனசுல வெச்சுக்கோ. "எனக்கு அந்தரங்கம் வேணும்"னு சொல்றவன்ல பாதிப் பேருக்கு வேண்டியது அந்தரங்கம் இல்லை, நாப்பது. நீ அதுல எந்தப் பாதின்னு நான் கேக்கலை. அங்க வந்து ஆறு மாசம் உன்ற பக்கத்து சீட்டுல உக்காந்து வந்தவன் நான்.

சரி, மோட்டுவளை நெசம்தானே சொன்னான், அப்ப அவன் நல்லவன்னு முடிச்சுப்போடலாமா? அங்கதான் கண்ணு நீ நெசமாக் கவலைப்படோணும். அவன் சொன்னதுல ஒரு எழுத்துப் பொய் இல்லை. நான் பிரேக்கு மிதிக்கலை. ஏன் மிதிக்கலைன்னு அவனுக்குத் தெரியாது. பின்னால ஒம்போது டன்னு கம்பி. எம்பதுல சடார்னு பிரேக்கு அடிச்சா லோடு முன்னால நகுந்து, கேபினைத் துளைச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேரு முதுகுலயும் வந்து நிக்கும். கம்பி லோடு ஓட்டுனவனுக்கு மட்டும்தான் அந்தப் பயம் தெரியும். அதனாலதான் பாலத்துச் சுவத்துல சாச்சு, உரசி நிறுத்துனேன். அவன் உசுரையும் சேத்துத்தான் காப்பாத்துனேன். அவன் என்ன சொன்னான்? "பிரேக்கு மிதிக்கலைங்க." ஓனரு மூணு மாசப் பேட்டாவைப் புடிச்சுக்கிட்டாரு. உன்ற பொட்டியும் இப்படித்தான். மிதிச்சியா இல்லையான்னு சொல்லும், குறுக்க வந்தது கொழந்தையா, பந்தான்னு அதுக்குத் தெரியாது. கோர்ட்டுல அதைப் படிக்கறவனுக்கு இது தெரிஞ்சிருக்கோணும்.

இன்னொண்ணும் இவ சட்டப் பொஸ்தகத்துல இருந்து சொன்னா. பொட்டில இருக்கற கணக்கு காரு ஓனருக்குத்தான் சொந்தம்னு 2015லயே அமெரிக்காவுல சட்டம் இருக்குதாம். கோர்ட்டு கேக்கோணும், இல்லை நீ எழுதிக் குடுக்கோணும், அடிபட்டவனுக்கு வைத்தியம் பாக்க வேணும், ஊரு பேரு இல்லாம ஆராய்ச்சிக்கு வேணும், இந்த மாதிரிச் சில வழிதான். கலிபோர்னியாக்காரன் 2004லயே இப்படி ஒரு சட்டம் வெச்சுட்டானாம். கேக்க நல்லா இருக்குதில்ல? இதுல ஒரு ஓட்டை. காரு சுக்குநூறா நொறுங்கிப்போச்சுன்னு வெய்யி. இன்சூரன்ஸ்காரன் மொத்தப் பணத்தையும் குடுத்துப்போட்டு, வண்டியைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கிட்டு இழுத்துக்கிட்டுப் போறான். நீ கையெழுத்துப் போட்ட நிமிசத்துல இருந்து ஓனரு ஆரு? அப்ப மோட்டுவளை ஆரு ஆளு? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுக்கோ. ஊட்டுலயே ஒருத்தி படிச்சுக்கிட்டு இருக்கறா, பீஸ் மட்டும் டாலர்ல கேக்கறா.

இனி ரேடியோ.

அவன் வந்தது எஸ்டிடி பூத்து ஊருக்கு ஊரு மொளச்ச காலம். சிவப்பா இருப்பான், சிரிச்ச மொகம், "அண்ணா அண்ணா"ன்னு உசுரை உடுவான். டீ வாங்கிட்டு வருவான், கால் அமுக்கி உடுவான், பாட்டுப் போடுவான். வண்டி எங்க நின்னாலும் "ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றேண்ணா"ன்னு எறங்குவான். மஞ்சப் போர்டு பூத்துக்குள்ள நிப்பான். நான் வெள்ளந்தியா, ஊட்டுக்குப் பேசறான், பாவம், ஆத்தா மேல பாசம்னு நெனச்சுக்குவேன். மீட்டரு ஓடும், சிவப்புல இலக்கம் ஏறும், அவன் பேசிக்கிட்டே இருப்பான். சில்லறை பத்தலைன்னா எங்கிட்டயே வாங்கிக்குவான். என்னைப் பத்திச் சொல்றதுக்கு எங்கிட்டயே காசு!

ஓனருக்கு மட்டும் சொல்லியிருந்தாப் பரவால்லை. இவன் கடையே விரிச்சிருந்தான். எதிர் லாரி ஆபீசுக்காரனுக்கு நாங்க எந்த ஊருல லோடு இல்லாம நிக்கறோம்னு சொல்லுவான், அவன் வாடகையைக் கொறைச்சுக் கேப்பான். வண்டிக்குக் கடன் குடுத்த பைனான்ஸ்காரனுக்கு நாங்க எங்க இருக்கறோம்னு சொல்லுவான். ரெண்டு டியூ பாக்கி நின்ன சமயம், நாக்பூர்ல ஒரு பெட்ரோல் பங்குல டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். நாலு ஆளுங்க வந்து சாவியைப் புடுங்கிக்கிட்டாங்க. அத்தனை பெரிய நாட்டுல, அந்தப் பங்குல, அந்த நேரத்துல நாங்க நிப்போம்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? ரேடியோ பக்கத்துல நின்னு எனக்காகக் கண்ணுல தண்ணி உட்டான்.

இந்த ரேடியோ உன்ற காருல இருக்கறான், கண்ணு. அவனை எந்தக் கவர்மென்டும் கட்டாயமா ஏத்தி உடலை. நீதான் ஏத்திக்கிட்டே. காரை வாங்குன அன்னைக்கு ஷோரூம்ல ஒருத்தன் உன்ற போனை வாங்கி, "சார், ஒரு ஆப்பு, ப்ரீ"ன்னு சொல்லி, "சம்மதம்"னு ஒரு பொத்தானை அமுக்குனான் பாரு, அதுலதான் ஏறி உக்காந்தான். பொட்டியை எதுத்துப் பேசற நீ, அந்தப் பொத்தானுக்கு மேல இருந்ததைப் படிச்சியா?

ஜெனரல் மோட்டார்ஸ் காருல "ஸ்மார்ட் டிரைவர்"னு ஒரு வசதி இருந்துதாம். நல்லா ஓட்டறியான்னு உனக்கு மார்க்குப் போடுமாம், பள்ளிக்கூடத்து வாத்தியாரு மாதிரி. 2024 மார்ச்சுல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு: வண்டி எப்பக் கிளம்புச்சு, எப்ப நின்னுது, எத்தனை தூரம், எத்தனை தரம் சடன் பிரேக்கு, எத்தனை தரம் வேகம் மீறுச்சுங்கற கணக்கெல்லாம் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க்குன்னு ரெண்டு தரகுக் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து இன்சூரன்ஸ்காரனுக்குப் போகுதுன்னு. ஒரு மனுசன் தன்னோட இன்சூரன்சு திடீர்னு 21 சதவீதம் ஏறிப்போச்சேன்னு தேடிப் பாத்திருக்கறாரு. ஆறு மாசத்துல அவரும் அவரு சம்சாரமும் காரை எடுத்த 640 தரமும் தேதி வாரியா, நிமிச வாரியா அச்சடிச்சு வந்துதாம். இவ படிச்சதும் நான் மறுக்காப் படிக்கச் சொன்னேன். 640! எங்க ரேடியோ கூட ஒரு நாளைக்கு ரெண்டு போனுக்கு மேல பண்ணலை.

2025 ஜனவரில அமெரிக்க வாணிப கமிஷன் அந்தக் கம்பெனி மேல நடவடிக்கை எடுத்துச்சு. காரு எங்க இருக்குதுங்கறதை மூணு நொடிக்கு ஒருக்கா வரைக்கும் எடுத்திருக்கறாங்க, ஜனங்களுக்குச் சரியாச் சொல்லாமயே வித்திருக்கறாங்கன்னு புகாரு. அஞ்சு வருசத்துக்கு இந்தக் கணக்கை அந்த மாதிரித் தரகு ஏஜென்சிக்குக் குடுக்கக் கூடாதுன்னு கட்டு. அந்த வசதியையும் அதுக்கு முன்னயே மூட்டை கட்டிட்டாங்க.

அந்தச் சடன் பிரேக்கு விசயம்தான் எனக்கு இன்னும் உறுத்துது. நாய் குறுக்க வந்தா நாங்க பிரேக்கு அடிப்போம். புண்ணியம்னு நெனச்சு. அங்க அடிச்சாப் பிரீமியம் ஏறுது. மோட்டுவளை கிட்ட பிரேக்கு அடிக்காததுக்கு மாட்டிக்கிட்டேன், ரேடியோ கிட்ட அடிச்சதுக்கு மாட்டிக்குவேன். அப்ப டிரைவரு காலைக் கழட்டி ஊட்டுல வெச்சுப்போட்டுத்தான் வண்டி ஏறோணுமாட்ட இருக்குது.

இது ஒரு கம்பெனி விவகாரம்னு நெனச்சுக்காதே. 2023 செப்டம்பர்ல மொசில்லாங்கற அமைப்பு 25 காரு கம்பெனியோட அந்தரங்க விதியைப் படிச்சுப் பாத்துச்சாம். இருவத்தஞ்சும் பெயிலு. ஒண்ணு கூடத் தேறலை. நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல கூட அப்படி ஒரு வருசம் வந்ததில்லை. அதுல ஒரு ஜப்பான் கம்பெனி என்னென்ன சேகரிக்கலாம்னு போட்டிருந்த பட்டியலை இவ படிச்சுக்கிட்டே வந்தவ, ஒரு எடத்துல டக்குனு நிறுத்தி, அடுத்த வரிக்குத் தாண்டிட்டா. "என்னம்மிணி, ஒண்ணை உட்டுட்டே?"ன்னேன். "அது ஒண்ணுமில்லீங்க அப்புச்சி"ன்னு காதெல்லாம் செவந்துபோச்சு. எனக்கு வயசு 81. என்னன்னு புரிஞ்சுபோச்சு. காருக்கு அதெல்லாம் எதுக்கு?

வோக்ஸ்வேகன் கதை இன்னும் நல்லா இருக்குது. 2024 டிசம்பர்ல, அந்தக் குழுமத்தோட எட்டு லட்சம் எலக்ட்ரிக் காரு விவரம் பூட்டாத ஊடு மாதிரித் தொறந்து கெடந்ததை ஜெர்மனில ஒரு கம்ப்யூட்டரு சங்கத்துக்காரங்க கண்டுபுடிச்சாங்களாம். அதுல நாலரை லட்சத்துக்கு மேல காரு எங்க நின்னுதுங்கறது அடி பிசகாம இருந்துதாம். ரேடியோ சொன்னதை எல்லாம் ஒருத்தன் நோட்டுல எழுதி, அந்த நோட்டைச் சந்தைக் கடைத் திண்ணைல மறந்து வெச்சுப்போட்டு வந்த மாதிரி.

நம்ம ஊரு மட்டும் என்ன ஒழுங்கான்னு நீ கேப்பே. 2019ல இருந்து புது டாக்ஸி, பஸ்ஸுக்கெல்லாம் எடம் காட்டற கருவியும் ஆபத்துக்கு அமுக்கற சிவப்புப் பொத்தானும் வேணும்னு விதி. பொம்பளைப் புள்ளைங்க ராத்திரில தனியா வர்றதுக்கு அது நல்லதுன்னு நான் சொல்றேன், வாடகை வண்டிக்காரன் காசு போச்சேன்னு சொல்றான். ரெண்டும் நெசம். 2021ல ஃபாஸ்டேக்கைக் கட்டாயம் ஆக்குனாங்க. நம்ம மேக்காலத் தோட்டத்து மாமன் பொண்டாட்டிகிட்ட "சேலத்துல பேங்க்குல இருக்கறேன்"னு சொல்லிப்போட்டுப் போனாரு. காரு அவ பேருல, போன் நம்பரும் அவளுது. கிருஷ்ணகிரி டோல்கேட்டு தாண்டுனதும் அவ போன்ல டிங்குன்னு சத்தம். பேங்க்கு எப்பக் கிருஷ்ணகிரிக்கு எடம் மாறுச்சுன்னு அவ இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கறா.

அந்தரங்கம் மனுசனோட அடிப்படை உரிமைன்னு நம்ம சுப்ரீம் கோர்ட்டு 2017 ஆகஸ்ட்டு 24ல சொல்லுச்சு, ஒம்போது ஜட்ஜு ஒரே குரலா. அந்தக் கேசு ஆரு போட்டது தெரியுமா? உன்னாட்டம் வாலிபன் இல்லை. கர்நாடகாவுல ரிட்டையரு ஆன ஜட்ஜு புட்டசாமி. 2012ல ஆதாரை எதுத்துப் போடறப்ப அவருக்கு வயசு 86. வாலிபனுங்க பிரியாணியப் போட்டோ புடிச்சுக்கிட்டு இருந்தீங்க.

சரி, உனக்கு என்ன சொல்றது. மோட்டுவளையைக் கழட்டறேன்னு கிளம்பிப்போடாதே. அவன் பலூன் பொட்டிக்குள்ள இருக்கறான். அவனைப் புடுங்குனா, இடிக்கற நேரத்துல பலூன் உன்னைக் கை உட்டுரும். பெல்ட்டைப் போடு, வேகத்தைப் பாத்து ஓட்டு, அவனால உனக்கு ஒரு கெடுதலும் வராது. உன்ற மேல தப்பில்லைன்னு ஒரு நாளு அவனே சாட்சி சொல்லுவான். ரேடியோவைப் புடி. காருக்குக் குடுக்கற பொஸ்தகத்தை, அந்தக் கண்ணாடிக் கீழ டப்பாவுல பிரிக்காமக் கெடக்குமே, அதை எடுத்துப் பொட்டியைப் பத்தி எழுதியிருக்கறதை ஒருக்காப் படி. போன்லயும் காரு திரையிலயும் கணக்கைப் பகுந்துக்கற எடத்தைத் தேடி அணை. லெக்சிஸ்நெக்சிஸ்காரனுக்கு எழுதி, என்ற பேருல என்ன வெச்சிருக்கறேன்னு கேளு. காசு வாங்காமக் குடுக்கோணும்னு உங்க ஊரு சட்டமே சொல்லுதுன்னு இவ அடிச்சுச் சொல்றா. புதுக் காரு விக்கறவன் கிட்ட வெலை பேசறதுக்கு முன்னாடி, "இது ஆருக்குப் பேசும், எப்படி வாயை மூடறது?"ன்னு கேளு. பழைய காரைக் குடுக்கறப்ப அதுக்குள்ள இருக்கற போன் பேரெல்லாம் அழிச்சுப்போட்டுக் குடு.

அதை மறந்துபோடாதே. ஏன்னா போன வருசம் நாம பாண்டியாக்ல இருக்கற பராசக்தி கோயிலுக்குப் போனமே, பனி பேஞ்ச அன்னைக்கு. நீ காரைக் கிளப்பிப்போட்டு, மறந்துபோன தேங்காயை எடுக்க ஊட்டுக்குள்ள ஓடுனே. நான் பக்கத்து சீட்டுல. சீட்டு முன்னால நகுந்து இருந்துது, என்ற காலை நீட்ட எடமில்லை. குட்டையான ஆளு ஆரோ உக்காந்த சீட்டு. கீழ ஒரு கிளிப்பு கெடந்துது, தலைக்குக் குத்தறது. திரைல ரெண்டு போன் பேரு. ஒண்ணு உன்றது. இன்னொண்ணை நான் எழுத்துக் கூட்டிப் பாத்தேன். காத்தரினோ காவேரியோ, வெள்ளெழுத்துல சரியாத் தெரியலை. நீ தேங்காயோட வந்து உக்காந்தே. நான் கேபின் கூரையைப் பாத்துக்கிட்டு வந்தேன்.

இதை எழுதறவ இப்பச் சிரிக்கறா. அவளுக்கு முந்தியே தெரியுமாம். அவ வாய்க்கு நான் சாமீன் நிக்க முடியாது.

நான் ஆருகிட்டயும் சொல்லலை. உங்கம்மா இன்னும் கேக்கலை.